கூரைமேல் வெந்நீர்

திருவதிகைக்குத் தென்மேற்கே, 1956இல் நிறுவப்பெற்ற நெய்வேலி நிறுவனம் அகழ்ந்தெடுக்கும் பழுப்பு நிலக்கரி, தொன்மரங்கள் தம்முள் சேமித்த வெயிலே. அதனை எரித்து மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தால் குளிக்க நீர் காய்ச்சுவது நெடிய சுற்றுவழி. வீட்டுமாடியில் விழும் வெயிலே நீரை நேராகச் சூடாக்க வல்லது.

கரும்பூச்சிட்ட தகட்டில் செம்புக் குழாய்களைப் பற்றவைத்து, கண்ணாடி மூடிய பெட்டிக்குள் அடக்கி, குளிர்காலச் சூரியன் சாயும் தெற்குநோக்கிச் சரிவாக வைப்பர். உட்புகுந்த வெப்பத்தைக் கண்ணாடி எளிதில் வெளியேறவிடாது. நீர்த்தொட்டி பெட்டியினும் உயரத்தில் அமைதல் வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெப்பமுற்ற நீர் அடர்த்தி குறைந்து மேலேறும். குளிர்ந்த நீர் கீழிறங்கி அவ்விடத்தை நிரப்பும். மோட்டார் வேண்டா. தொட்டியைத் தென்னைநாரால் போர்த்தினால் மாலையிலும் சூடு ஆறாது. ஆவி வெளியேறச் சிறுகுழாய் ஒன்று திறந்தே இருக்கட்டும். முற்றிலும் அடைத்த தொட்டி அழுத்தத்தால் வெடிக்கக்கூடும்.