கிறித்தவ சமயம்: சொற்களின் வழியே ஓர் அறிமுகம்

முன்னுரை

சமயம் ஒன்றை அறியப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது அதன் சொற்களையே. நம் வகுப்பறைகளில் இந்து, இசுலாமிய, கிறித்தவ மாணவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே தமிழைப் பயில்கின்றனர். அருள், பாவம், வேதம், அவதாரம், திருநீறு முதலான சொற்களை அவர்கள் அனைவரும் அறிவர். தெரிந்த சொல் என்பதனாலேயே அதன் பொருளும் தெரிந்ததுதான் என்று நாம் கருதிவிடுகிறோம். தேம்பாவணியையோ இரட்சணிய யாத்திரிகத்தையோ கற்பிக்கும்போது இவ்வெண்ணம் பிழைக்கு இடந்தருகிறது. ஒரு சமயத்தாரின் சொல்லுக்கு மற்றொரு சமயத்தின் பொருளை ஏற்றிவிட்டால், இரண்டையுமே நாம் தவறாக அறிந்தவர்கள் ஆகிறோம். ஆகவே, கிறித்தவத்தின் நம்பிக்கை, திருநூல், வழிபாடு ஆகிய மூன்றையும் அச்சமயம் தமிழில் தேர்ந்துகொண்ட சொற்களின் வழியே இங்குக் காண்போம்.

தோற்றமும் அடிப்படை நம்பிக்கையும்

கிறித்தவம் கி.பி. முதல் நூற்றாண்டில், உரோமைப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பாலத்தீன நாட்டில், யூத சமயத்தின் மடியிலே தோன்றியது. நாசரேத்தூர் இயேசு கலிலேயப் பகுதியில் இறையாட்சியைப் பற்றிப் போதித்தார். நோயுற்றோரையும் சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டோரையும் நாடிச் சென்றார். உரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டு இறந்தார். அவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவத்தின் நடுநாயகமான நம்பிக்கையாகும்.

‘கிறித்து’ என்பது இயேசுவின் இயற்பெயரின் ஒரு பகுதி அன்று. ‘மெசியா’ என்னும் எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு அது. இரண்டிற்கும் ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்பதே பொருள். பண்டை இசுரயேலில் அரசரையும் குருக்களையும் எண்ணெய் பூசி அவர்தம் பணிக்கு ஏற்படுத்தினர். அவ்வழக்கத்திலிருந்து பிறந்த பட்டப்பெயரே பின்னர் ஒரு சமயத்தின் பெயராயிற்று.

கடவுள் ஒருவரே என்பது கிறித்தவத்தின் உறுதியான கொள்கை. அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாக விளங்குகிறார் என்று கிறித்தவர் நம்புகின்றனர். இதனைத் திரித்துவம் என்றும் மூவொரு இறைவன் என்றும் தமிழில் வழங்குவர். 325இல் நிசேயா நகரிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் இக்கொள்கையை வரையறுத்தன. மூன்று தெய்வங்கள் என்றோ, படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்களைப் பகிர்ந்துகொண்ட மூவர் என்றோ இதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

கடவுளுக்குத் தமிழில் ஒரு பெயர்

கடவுள் ஒருவரே என்னும் கருத்தைத் தமிழில் எச்சொல்லால் உரைப்பது? இவ்வினாவிற்கு விடை காண நானூறு ஆண்டுகளுக்கு மேல் முயன்றிருக்கின்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய எழுத்து வடிவில் அச்சேறிய முதல் நூலாகும். பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூலை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார், ‘தம்பிரான்’ என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, எல்லாவற்றுக்கும் தலைவன் என்னும் பொருள் தரும் ‘சர்வேசுரன்’ என்ற சொல்லைக் கையாண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் விவிலியத்தைப் பெயர்த்த பெப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதல் ‘தேவன்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது.

இம்மாற்றங்களை வெறும் சொல்விளையாட்டு என எண்ணலாகாது. ‘தேவன்’ என்றால் தேவர்களுள் ஒருவன் என்று பொருள்படுமோ என்ற ஐயம் எழுந்தது. ‘பராபரன்’ என்னும் சொல் மெய்யியல் ஆழம் உடையதாயினும் எளிய மக்களின் அன்றாட மன்றாட்டிற்கு எட்டுமா என்ற வினாவும் இருந்தது. ‘கடவுள்’ தூய தமிழ்ச்சொல். எனினும் எல்லாச் சமயத்தாரும் வழங்குவது. ஒவ்வொரு தேர்விலும் ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

பொதுச்சொற்களும் தனிப்பொருளும்

கடவுளின் பெயர் தவிர வேறு சில சொற்களும் நம் கருத்திற்குரியன. முதலாவது, ‘அவதாரம்’. இறைமகன் மனிதராகப் பிறந்ததைக் கிறித்தவ நூல்கள் சில இச்சொல்லால் குறித்தன. வைணவ மரபில் அவதாரங்கள் பல. யுகந்தோறும் தேவைக்கேற்ப நிகழ்வன. கிறித்தவத்தின்படி அந்நிகழ்வு வரலாற்றில் ஒரே முறை நடந்தது; இனி நிகழாதது. இவ்வேறுபாட்டைக் காக்கவே பிற்காலத்தார் ‘மனிதராதல்’, ‘மனுவுருவாதல்’ என்னும் சொற்களை ஆக்கிக்கொண்டனர்.

இரண்டாவது, ‘பாவம்’. வினைக்கொள்கையில் தீவினை தன் பயனைத் தானே ஊட்டும்; இப்பிறவியில் இல்லையேல் மறுபிறவியில் வந்து சேரும். கிறித்தவத்தில் பாவம் என்பது முதன்மையாகக் கடவுளோடும் மனிதரோடும் உள்ள உறவு முறிவதாகும். முறிந்த உறவை நேராக்க வேண்டுமாயின் மனமாற்றமும் மன்னிப்பும் தேவை. மனிதர் தம் முயற்சியால் மட்டும் இதனை அடைய இயலாது என்றும், இயேசுவின் சிலுவைச் சாவின் வழியாகக் கடவுளே இதனை அருளுகிறார் என்றும் கிறித்தவர் நம்புகின்றனர். ‘மீட்பு’, ‘இரட்சிப்பு’ என்னும் சொற்கள் இதனைக் குறிப்பன. பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதாகிய வீடுபேற்றோடு இதனை ஒன்றாகக் கருதுதல் கூடாது.

மூன்றாவது, ‘உயிர்த்தெழுதல்’. கிறித்தவத்தில் மறுபிறவி என்னும் கொள்கை இல்லை. மனிதர் ஒருமுறை வாழ்கின்றனர், ஒருமுறை இறக்கின்றனர், காலத்தின் முடிவில் உயிர்த்தெழுவர். இவ்வொரு வாழ்வில் பசித்தவருக்கு உணவளித்தோமா, அயலாரை நேசித்தோமா என்பதே தீர்ப்பின் அளவுகோல் ஆகும் என்று நற்செய்தி கூறுகிறது. அறச்செயலுக்குக் கிறித்தவம் தரும் அழுத்தத்தின் வேர் இங்கே உள்ளது.

திருநூல்

‘விவிலியம்’ என்னும் சொல், ‘நூல்கள்’ எனப் பன்மைப்பொருள் தரும் ‘பிபிலியா’ என்ற கிரேக்கச் சொல்லினின்று வந்தது. பெயருக்கேற்ப அது பல நூல்களின் தொகுதியாகும். பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்திலும், சில பகுதிகள் அரமேயத்திலும் எழுதப்பட்டன; புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. சட்டம், வரலாறு, கவிதை, பழமொழி, இறைவாக்கு, மடல் எனப் பல இலக்கிய வகைகள் அதனுள் அடங்கும். ஆதலின் ஒரு கவிதையை வரலாற்றைப் படிப்பதுபோல் படித்தல் தகாது.

சீர்திருத்தச் சபையாரின் விவிலியத்தில் 66 நூல்கள் உள்ளன. கத்தோலிக்கரின் விவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன. வேறுபாடு பழைய ஏற்பாட்டில் மட்டுமே. புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இருவர்க்கும் பொதுவானவை. அவற்றுள் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நால்வர் பெயரால் வழங்கும் நற்செய்தி நூல்களே இயேசுவின் வாழ்வையும் போதனையையும் உரைப்பன.

தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக முழுமையாக மொழிபெயர்த்து அச்சிட்டவர் சீகன்பால்க். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், ஐந்தே ஆண்டுகளில் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715இல் அச்சுப்பணி நிறைவுற்றது. பின்வந்தோர் அதனைத் திருத்திக்கொண்டே இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர். தம் சமயத்தில் அசையாப் பற்றுடைய ஒருவர் பிற சமயத் திருநூல் நல்ல தமிழில் அமைய உழைத்தார் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

ஒரே நம்பிக்கை, இரு சொல்வழக்கு

கிறித்தவ உலகம் 1054இல் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்தது. 1517இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்தத்தால் மேற்குச் சபையினின்று சீர்திருத்தச் சபைகள் கிளைத்தன. இப்பிரிவு தமிழில் இரு சொல்வழக்குகளாகப் பதிந்துள்ளது. இன்றைய கத்தோலிக்கர் ‘நற்செய்தி’ என்பதைச் சீர்திருத்தச் சபையார் ‘சுவிசேஷம்’ என்பர். முன்னவரின் ‘திருமுழுக்கு’ பின்னவர்க்கு ‘ஞானஸ்நானம்’. ‘தூய ஆவி’ ‘பரிசுத்த ஆவி’ ஆகும்; ‘இறைவாக்கினர்’ ‘தீர்க்கதரிசி’ ஆவார்; ‘திருத்தூதர்’ ‘அப்போஸ்தலர்’ ஆவார். மாணவர் ஒருவர் இவற்றை வெவ்வேறு பொருள்கள் என மயங்க இடமுண்டு.

பழைய கத்தோலிக்க வழக்கில் பெயர்களும் தமிழ்வடிவம் பெற்றிருந்தன. கடவுள் அருளுடையவர் என்னும் பொருள்கொண்ட எபிரேயப் பெயரான யோவான் ‘அருளப்பர்’ ஆனார். இலத்தீனில் ‘சிறியவர்’ எனப் பொருள்படும் பவுல் ‘சின்னப்பர்’ ஆனார். வீரமாமுனிவர் தேம்பாவணியின் தலைவரான சூசையப்பரை ‘வளன்’ என்றழைத்தார். பெருகச் செய்தல் என்பதே அவ்வெபிரேயப் பெயரின் கருத்து. பெயரின் ஒலியைக் கடன்வாங்காது அதன் பொருளைத் தமிழாக்கிய இம்மரபு மொழிபெயர்ப்பு பயில்வோர் அறியவேண்டிய ஒன்று.

வழிபாடும் திருநாள்களும்

திருமுழுக்கு, கிறித்தவச் சமூகத்தினுள் ஒருவரைச் சேர்க்கும் நீர்ச்சடங்கு. பழைய வாழ்வுக்கு இறந்து புதுவாழ்வுக்கு எழுவதை அது குறிக்கும். நற்கருணை அல்லது திருவிருந்து, இயேசு தம் சீடரோடு உண்ட கடைசி இரவுணவை நினைந்து, அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் பகிரும் சடங்கு. கத்தோலிக்கர் ஏழு அருளடையாளங்களைக் கொள்வர். சீர்திருத்தச் சபையாருள் பெரும்பாலார் இவ்விரண்டை மட்டுமே கொள்வர். இயேசு உயிர்த்தெழுந்த நாளென்று கருதப்படும் ஞாயிறு, வார வழிபாட்டு நாளாயிற்று.

கிறித்து பிறப்பு விழா திசம்பர் 25ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. உயிர்ப்பு விழாவோ நிலவைப் பின்பற்றி ஆண்டுதோறும் நாள் மாறும். மேற்குச் சபைகள் மார்ச்சு 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறன்று அதனைக் கொண்டாடுகின்றன. அதற்கு முந்திய வெள்ளி, இயேசு இறந்த பெரிய வெள்ளி. அந்நாள் சிங்கப்பூரிலும், மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களிலும் பொது விடுமுறையாகும்.

உயிர்ப்பு விழாவுக்கு முன் ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாள்கள் தவக்காலம். அதன் முதல் நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘திருநீற்றுப் புதன்’ என்பர். முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை அன்று நெற்றியில் இடுவர். மனிதர் மண்ணுக்குத் திரும்புபவர் என்பதையும் மனம் மாறவேண்டும் என்பதையும் அது நினைவூட்டும். சைவர்க்கோ திருநீறு சிவனருளின் அடையாளம், நாள்தோறும் அணிவது. நிலையாமை என்னும் உணர்வில் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன, பயன்பாட்டில் வேறுபடுகின்றன. ஒப்புமையையும் வேறுபாட்டையும் ஒருங்கே காட்டுவதற்கு இதனினும் ஏற்ற சான்று அரிது.

நம் மண்ணில்

போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்த சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். தமிழ்க் கடற்கரையையும் மலாய்த் தீபகற்பத்தையும் தொட்ட அதே மொழி, இரு மொழிகளிலும் தடம் பதித்தது. தமிழில் வழங்கும் ‘பாதிரி’யும் மலாயில் வழங்கும் ‘பாடெரி’யும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் வழித்தோன்றல்கள். தேவாலயத்தைக் குறிக்கும் ‘கெரெஜா’, ஞாயிறையும் வாரத்தையும் குறிக்கும் ‘மிங்கு’ ஆகிய மலாய்ச் சொற்களும் அம்மொழியினின்று வந்தவையே.

பிற்காலத்தில் புலம்பெயர்ந்து வந்த தமிழர் தம் வழிபாட்டுத் தமிழையும் உடன்கொணர்ந்தனர். சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென அமைந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயம் தரங்கம்பாடி லுத்தரன் மரபின் தொடர்ச்சியைக் காட்டுகிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் ஆண்டுதோறும் சூலை மாதம் தமிழ் மன்றாட்டும் சீனம், ஆங்கிலம், மலாய் மன்றாட்டுகளும் ஒலிக்கின்றன.

முடிவுரை

பிற சமயத்தை அறிதல் அதனை ஏற்பதும் அன்று. எல்லாம் ஒன்றே எனச் சொல்லி வேறுபாடுகளை மறைப்பதும் அன்று. ஒருவர் தம் சொல்லால் எதனைக் கருதுகிறாரோ அதனையே நாமும் புரிந்துகொள்ளுதல் அறிதலாகும். ஆசிரியர்கள் கிறித்தவ இலக்கியப் பகுதியைக் கற்பிக்கும் முன், அதில் வரும் சமயச் சொற்களைப் பட்டியலிட்டு, அச்சொல் இப்பாடலில் யார்க்கு என்ன பொருளில் வருகிறது என்று மாணவரைக் கேட்கலாம். வகுப்பிலுள்ள கிறித்தவ மாணவர் தம் வீட்டில் வழங்கும் சொல்லைக் கூறட்டும். சைவ மாணவரும் இசுலாமிய மாணவரும் தத்தம் வழக்கைக் கூறட்டும். ஒரே தமிழ் இத்தனை நம்பிக்கைகளுக்கு இடந்தந்து நிற்பதை அவ்வகுப்பு தானே கண்டுகொள்ளும். மொழிப்பாடம் அங்கே அயலாரை அறியும் பாடமாகவும் அமையும்.