கூட்டைக் குறிவைக்கும் கேமராக்கள்

துப்பாக்கி போய் கேமரா வந்ததில் பறவைகளுக்கு நிம்மதிதான். ஆனால் கூட்டை நெருங்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது.

குளிர்காலத்தில் பனிமூட்டம் விலகுவதற்கு முன்பே ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா வாசலில் ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டிவிடுகின்றன. ஏறி உட்காருபவர்களின் மடியில் கைக்குழந்தை மாதிரி துணி சுற்றிய லென்ஸ்கள். ஒரு 600 மி.மீ. லென்ஸின் விலை இன்று பத்து லட்சம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். வருபவர்கள் டாக்டர்கள், வங்கி அதிகாரிகள், கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள். பறவைகளைப் படமெடுப்பது இவர்களுக்குத் தொழிலல்ல, விடுமுறை நாள் பித்து. ரிக்‌ஷாக்காரர்களும் லேசுப்பட்டவர்களல்ல. வழிகாட்டியாகப் பயிற்சி பெற்ற இவர்களில் பலர் தூரத்துப் புள்ளியைப் பார்த்தே பறவையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

சுமார் 29 சதுர கி.மீ. பரப்புள்ள இந்தப் பூங்காவின் நடுவே சிவன் கோயிலுக்கு அருகில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பரத்பூர் மகாராஜாக்கள் வைஸ்ராய்களுக்கும் பிற பிரமுகர்களுக்கும் ஏற்பாடு செய்த வாத்து வேட்டைகளின் கணக்கு அது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியதாக அது சொல்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் வேட்டை உடனே நின்றுவிடவில்லை. பறவையியல் அறிஞர் சலீம் அலி போன்றவர்களின் விடாமுயற்சியால் இந்த இடம் தப்பியது. 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இன்று இங்கே குறிவைப்பவை கேமராக்கள் மட்டுமே.

அது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஒரு காலத்தில் அபூர்வப் பறவை ஒன்று வந்ததை நிரூபிக்க வேண்டுமென்றால் அதைச் சுட்டு, தோலைப் பாடம் செய்து காட்ட வேண்டும். இப்போது மங்கலான ஒரு படமே போதும். சைபீரியக் கொக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு அது பரத்பூருக்கு வரவில்லை. அந்த வெண்ணிறப் பறவைகள் இங்கே மேய்ந்து திரிந்த காட்சி இனி பழைய படங்களில்தான்.

சிக்கல் தொடங்குவது கூட்டருகே. மழைக்காலத்தில் பரத்பூரின் முகமே மாறிவிடும். நீரில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளும் நத்தை குத்தி நாரைகளும் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ஆழமில்லாத நீரில் நாணலைக் குவித்து சாரஸ் கொக்கு பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடுகிறது. ஆணும் பெண்ணும் முறை வைத்து ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கின்றன. கேமராக்காரருக்கு இதைவிட வசதி ஏது? பறவையைத் தேடி அலைய வேண்டாம். எங்கே போனாலும் அது கூட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

முன்னோடிகளும் இதைத்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் அடைக்கலம் புகுந்து சலீம் அலியின் நண்பரான சிங்கப்பூர் சினிமா அதிபர் லோக் வான் தோவின் காலத்தில் லென்ஸ்களின் எட்டும் தூரம் குறைவு, ஃபிலிமின் வேகமும் குறைவு. கூட்டருகே மறைவிடம் அமைத்து மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் நல்ல படத்துக்கு வழி. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தான். அப்படிக் காத்திருந்தவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. இன்றைய கேமரா நொடிக்கு 20 படங்கள் எடுக்கிறது. ஒரு கூடு இருக்கும் இடம் செல்போனில் பரவினால் மறுநாளே அங்கே ஒரு பட்டாளம் நிற்கும்.

விளைவு? மனிதர்களைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து போய்விடும். திறந்து கிடக்கும் முட்டைகள் வெயிலில் கெட்டுப்போகலாம், காகத்துக்கு இரையாகலாம். படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக மறைக்கும் இலைகளையும் கிளைகளையும் ஒடித்துவிடுபவர்களும் உண்டு. அந்த இலைகள்தான் குஞ்சுகளுக்கு நிழலும் பாதுகாப்பும். மிரண்ட குஞ்சுகள் பறக்கும் பருவம் வருவதற்கு முன்பே கூட்டிலிருந்து குதித்துவிடுவதும் நடக்கிறது. படமெடுத்தவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அதற்குள் அவர் ஊர் திரும்பியிருப்பார்.

பலர் அறியாத விஷயம், சட்டம் இதில் கண்டிப்பானது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். ஆங்கிலத்தில் துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் ‘ஷூட்’ என்று ஒரே சொல். இந்த இடத்தில் சட்டமும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

பொறுப்பான கேமராக்காரர்கள் சில வழக்கங்களைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். கூடு கண்ணில் பட்டால் கேமராவைத் தாழ்த்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இடத்தை யாரிடமும் சொல்வதில்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதில்லை. பறவை இரை தேடுவதை நிறுத்திவிட்டுத் தங்களையே பார்த்தால், தேவைக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று புரிந்துகொண்டு பின்வாங்குகிறார்கள். பல போட்டிகளும் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை.

நஷ்டம் என்று பார்த்தால் சில படங்கள்தான். பறக்கும் வாத்துக் கூட்டம், மீன் குத்தும் நாரை, ஜோடியாக ஆடும் சாரஸ் என்று பரத்பூரில் படமெடுக்க எவ்வளவோ இருக்கிறது. சுட்டு வீழ்த்திய பறவைகளின் கணக்கையாவது மகாராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். கைவிடப்பட்ட கூடுகளுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.