இஸ்ரவேல் அரசர்களின் கதையும் 'ஆவியின்படி நடப்பதும்': தேவாலயங்கள் சொல்லும் பாடம் என்ன?

தேவாலயப் பிரசங்கங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்குச் சவுல், தாவீது, சாலொமோன் என்ற பெயர்கள் புதியவை அல்ல. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் ஆண்டவர்களாகச் சொல்லப்படும் இந்த அரசர்களின் கதை, யான், குருண், பீடோங் வட்டாரத் தமிழர்களின் வாழ்க்கைக்கு எதற்கு? 'ஆவியின்படி நடப்பது' என்று கிறிஸ்தவர்கள் சொல்வதற்கும் அந்த அரசர்களுக்கும் என்ன தொடர்பு? பிற சமயத்தாரும் அறிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம்.

தமிழில் இக்கதை

1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை வந்த நிலையில் 1719-இல் காலமானார். அரசர்களின் கதை தொடங்கும் சாமுவேல் ஆகமம் அதற்கு அடுத்தது. எஞ்சிய பகுதியை சூல்ச் முடிக்க, 1728-இல் பழைய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது.

அரசன் வேண்டும் என்ற மக்கள்

இஸ்ரவேலருக்கு முதலில் அரசன் இல்லை. அண்டை நாட்டாரைப் போல் தங்களுக்கும் அரசன் வேண்டும் என்று அவர்கள் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் கேட்டனர். அவர் எச்சரித்தார்: வருகிறவன் உங்கள் பிள்ளைகளைப் படைக்கும் வயலுக்கும் எடுத்துக்கொள்வான், நல்ல நிலத்தைப் பறிப்பான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்பான். மக்கள் கேட்கவில்லை.

தமிழில் 'இறை' என்ற ஒரே சொல்லுக்குக் கடவுள், அரசன், வரி ஆகிய மூன்று பொருளும் உண்டு. சாமுவேலின் கவலையை இந்த ஒரு சொல்லிலேயே அடக்கிவிடலாம். ஓர் இறையை விட்டு இன்னோர் இறையைத் தேடினால், கடைசியில் மிஞ்சுவது செலுத்த வேண்டிய இறைதான்.

சவுலும் தாவீதும்

முதல் அரசனான சவுல் தொடக்கத்தில் கூச்சமுள்ளவர். தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் மூட்டை முடிச்சுகளுக்கிடையே ஒளிந்துகொண்டவர். எண்ணெய் அபிஷேகம் பெற்றதும் கடவுளின் ஆவி அவர்மேல் இறங்கியது. பதவி நிலைத்த பின் கட்டளையை மீறினார். சாமுவேல் கேட்டபோது பழியை மக்கள்மேல் போட்டார். ஆவி அவரை விட்டு விலகியது என்கிறது வேதாகமம்.

தாவீதும் குற்றமற்றவர் அல்லர். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியா போரில் சாகும்படி செய்தார். நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே கண்டித்தபோது, சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். ஆவியை என்னிடமிருந்து எடுத்துவிடாதீர் என்ற கருத்தில் அவர் மன்றாடுவதாக 51-ஆம் சங்கீதம் அமைந்துள்ளது. சவுலுக்கு நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தவரின் பயம் அது.

சுமையைக் குறைக்கக் கேட்டவர்கள்

சாலொமோன் ஞானத்தைக் கேட்டுப் பெற்றவர். ஆனால், ஆலயம் கட்ட ஏழு ஆண்டும் தம் அரண்மனை கட்டப் பதின்மூன்று ஆண்டும் எடுத்துக்கொண்டார். அதற்காகக் கட்டாய வேலை வாங்கினார். அவர் மறைந்ததும் மகன் ரெகொபெயாமிடம் மக்கள் வந்து, சுமையைக் கொஞ்சம் குறையுங்கள் என்றனர். அன்பாகப் பேசு, அவர்களுக்குச் சேவகனாக இரு என்றனர் முதியவர்கள். அவனோ கூட்டாளிகளின் பேச்சைக் கேட்டு, இன்னும் கடுமையாக நடத்துவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின. பிளவுபட்ட நாட்டின் வடபகுதி கி.மு. 722-இல் அசீரியரிடமும், தென்பகுதி கி.மு. 586-இல் பாபிலோனியரிடமும் வீழ்ந்தது.

கிராணிக்கும் துரைக்கும் முன்னால் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய் யார் தலைமேல்?

'மேசியா', 'கிறிஸ்து' என்ற இரண்டு சொற்களுக்கும் அபிஷேகம் பெற்றவர் என்றே பொருள். பழைய காலத்தில் அபிஷேகம் அரசர், ஆசாரியர் போன்ற சிலருக்கே உரியது. பெந்தெகொஸ்தே நாளில் ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடின்றி எல்லார்மேலும் ஆவி இறங்கியதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகின்றனர். அதனால், சவுலும் தாவீதும் சந்தித்த சோதனை இப்போது பால்மரம் சீவுபவருக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவருக்கும் உண்டு.

அதில் தேறியதற்கு அடையாளம் உரத்த குரலோ பெருங்கூட்டமோ அல்ல. அன்பு, பொறுமை, சாந்தம், தன்னடக்கம் உள்ளிட்ட ஒன்பது குணங்களைப் பவுல் 'ஆவியின் கனி' என்கிறார். கனி என்று ஒருமையில் சொல்வதால், பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. ஒரே நாளில் பழுப்பதும் இல்லை. ரப்பர்க் கன்று நட்டுப் பால் எடுக்கவே ஐந்தாறு ஆண்டு காத்திருக்கிறோம்.

தேவாலயச் செயற்குழுவானாலும், ஆலய நிர்வாகமானாலும், குடும்பமானாலும், தலைமையில் இருப்பவரை அளக்க இக்கதை ஒரு கேள்வியைத் தருகிறது: தவற்றைச் சுட்டிக்காட்டும்போது அவர் சவுலைப் போல் பழியைத் தள்ளிவிடுகிறாரா, தாவீதைப் போல் ஒப்புக்கொள்கிறாரா?