வழுக்குவது யார் குற்றம்?

ஓட்டல் சமையற்கட்டில் ஒருவர் வழுக்கி விழுந்தால் தூக்கிவிடும் கையோடு கூடவே வருவது, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்ற கேள்வி. கொதிக்கும் சாம்பார் அண்டாவை இருவர் தூக்கிப் போகும்போது காலடியைப் பார்க்க வழியில்லை; பார்த்தாலும் பயன் குறைவுதான். கிரைண்டரிலிருந்து சிந்திய தண்ணீரும் வடைச் சட்டியிலிருந்து தெறித்த எண்ணெயும் டைல்ஸ்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவிக் கிடக்கும். குதிகால் ஊன்றும் கணத்தில் அந்தப் படலம் செருப்புக்கும் தரைக்கும் நடுவே நின்றால் பிடிப்பு போயிற்று. இடறுவதும் இப்படித்தான். நடக்கையில் கால்விரல் தரையை விட்டு எழும்புவது சில கணங்களில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். பெயர்ந்த டைல்ஸின் விளிம்பு ஒன்றே போதும்.

கவனம் இருந்தால் விழமாட்டார்கள் என்பவர்கள் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்றைப் பார்க்கலாம். அங்கே அரசு மருத்துவமனை ஊழியர்கள் 4,553 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வழுக்காத அடிப்பாகம் கொண்ட ஷூ கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி அந்தப் பிரிவில் வழுக்குவது 37 சதவீதம் குறைந்தது. ஷூ போட்டவர்கள் மட்டும் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஷூ மட்டுமே போதாது என்பதும் அதே கணக்கில் தெரிகிறது.

மீதி வேலை தரையில் இருக்கிறது. சமையற்கட்டு என்றால் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தண்ணீர் தேங்குவது வாட்டம் சரியில்லாததால்; கிரைண்டர் பக்கத்திலேயே வடிகால் வைத்தால் தீரும். எண்ணெய் சிந்திய இடத்தை ஈர மாப்பால் இழுப்பது அதை நாலு பக்கமும் பூசிவிடுகிற வேலை. முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். சோப்பு தங்கினால் அதுவும் வழுக்கும். அலசிக் காயும்வரை அந்தப் பக்கம் ஆளை விடக் கூடாது. இதற்கெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்கும் முதலாளி, கை முறிந்த மாஸ்டர் வாரக்கணக்கில் வராமல் போனால் ஆகும் நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

தரையும் படியும் நடைவழியும் வழுக்கும் பொருளோ தடங்கலோ இல்லாமல் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு. நடப்பவரைக் குறை சொல்லாமல் இடத்தைச் சரிசெய்யச் சொன்ன நல்ல விதி. ஆனால் அதே சட்டத்தின் விளக்கப்படி ஓட்டலும் உணவகமும் தொழிற்சாலையாகக் கருதப்படவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து சொல்லட்டும் என்று காத்திராமல், ஓட்டல் நடத்துபவர்கள் தாங்களே தரையைச் சரிசெய்ய வேண்டும். வழுக்காத ஷூவும் வாங்கித் தர வேண்டும்; அந்தக் காசைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.