ஜிம்முக்குப் போறீங்களா... எதுக்கு?

'வாரணம் ஆயிரம்' சூர்யா மாதிரி சிக்ஸ்பேக் வேணும், தொப்பை குறையணும், போலீஸ் செலக்‌ஷன்ல பாஸாகணும்... மதுரை ஆனையூர் பக்கம் ஜிம்முக்கு வர்ற நம்ம செட்டுக்கு ஆசைகள் பலவிதம். ஆனா, பல பேர் செய்றது ஒரே பயிற்சி. பக்கத்துல இருக்கிறவன் என்ன செய்றானோ, அது!

நல்ல டிரெய்னர் அப்படி விடமாட்டார். டம்புள்ஸைக் கையில கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்பார். என்ன வேணும், எத்தனை மாசத்துல வேணும், மூட்டுவலி, நெஞ்சுவலி ஏதாவது உண்டா? அவுட்புட் தெரியாம புரோகிராம் எழுத முடியாதே பாஸ்!

தொப்பை பார்ட்டியா?

'சிட்&அப்ஸ்' எத்தனை எடுத்தாலும் வயித்துக் கொழுப்பு மட்டும் தனியா கரையாது. அதனால சாப்பாட்டுக் கணக்கு, வேக நடை, கூடவே ஸ்குவாட், புஷ்&அப்ஸ். எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறையாம இருக்கத்தான் இந்த ரெண்டும்.

ஆர்ம்ஸ் ஏத்தணுமா?

8 முதல் 12 தடவைக்குள்ள கை ஓய்ஞ்சுபோற அளவுக்கு வெயிட். அதே தசைக்கு அடுத்த பயிற்சி ரெண்டு நாள் கழிச்சு. தசை வளர்றது ஓய்வுலதான்!

காக்கிக் கனவா?

இங்கேதான் கவனம் தேவை. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான 2023 தேர்வுல ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். 400 மீட்டர் டிராக்ல மூணே முக்கால் சுத்து. ஒரு சுத்துக்கு 1 நிமிஷம் 52 செகண்ட். அப்புறம் கயிறு ஏறணும்: 5 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு ரெண்டு ஸ்டார். நீளம் தாண்டுதலும் உண்டு.

இதுக்கு பைசெப்ஸை மட்டும் வளர்த்துட்டுப் போனா, ஓட்டத்துலயே மூச்சு வாங்கிடும். கயித்துல உங்க எடையை நீங்களேதான் இழுக்கணும். தேவையில்லாம ஏத்தின ஒவ்வொரு கிலோவும் எதிரி! அதனால இவங்களுக்கு 400 மீட்டரை விட்டுவிட்டு வேகமா ஓடற பயிற்சி, புல்&அப்ஸ், கம்பியில தொங்கிப் பிடியை பலப்படுத்துறது, குதிச்சுப் பழகறது. அதுவும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி.

சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் ஒரே சார்ட்டை நீட்டினா, 'எனக்கு ஏன் இந்தப் பயிற்சி?'னு கேளுங்க. காரணம் சொல்றவர்தான் டிரெய்னர். வேலையே அதுல தொங்கும்போது, கேட்கறதுல என்ன கூச்சம்?