செம்மண்ணும் சட்டகமும்: தங்கர் பச்சானின் நிலம்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு நிலங்களைப் பார்க்கலாம். ஒன்று டவுன்ஷிப். நேர்க்கோட்டுச் சாலைகள், எண்ணிட்ட வட்டங்கள், அளவெடுத்து நட்ட மரங்கள். மற்றது அதன் எல்லை முடிந்ததும் தொடங்குகிற செம்மண், முந்திரிக் கொல்லை, பலா. முதலாவது 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானதன் பின்விளைவு. இரண்டாவது அதற்கு முன்பிருந்தே இருப்பது, வருஷா வருஷம் கொஞ்சம் குறைந்துகொண்டே வருவது. இந்த இரண்டாவது நிலத்தில், பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டையில் பிறந்தவர்தான் தங்கர் பச்சான். எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், இயக்குநர் என்று மூன்று அடையாளங்களையும் ஒருசேர வைத்திருப்பவர் தமிழில் அதிகம் பேர் இல்லை. இந்த மூன்றும் அவரிடம் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன, எங்கே ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர் அவர். அகத்தியனின் ‘காதல் கோட்டை’ (1996), ஞான ராஜசேகரனின் ‘பாரதி’ (2000), ‘பெரியார்’ (2007) ஆகியவற்றுக்கு ஒளிப்பதிவு செய்தார். ‘காதல் கோட்டை’ வெளிவந்த அதே 1996இல்தான் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ நாவலும் வந்தது. இது தற்செயல்தான், ஆனாலும் கவனிக்க வேண்டியது. கேமரா பிறருடைய கதைக்கு, பேனா தன்னுடைய மண்ணுக்கு என்று ஒரு பிரிவினை அப்போது அவரிடம் இருந்தது. சொந்த நிலத்தைப் படம்பிடிக்க ஒளிப்பதிவாளனாக இருந்தால் மட்டும் போதாது, சட்டகத்துக்குள் எது வரவேண்டும் எனத் தீர்மானிக்கும் அதிகாரமும் வேண்டும். அந்த அதிகாரம் ‘அழகி’யில் (2002) கைக்கு வந்தது. அவருடைய ‘கல்வெட்டு’ என்ற சிறுகதையே அந்தப் படம். நாவல் படமாவதற்கு 2007வரை, பதினொரு ஆண்டுகள் ஆயின.

‘அழகி’யைப் பலரும் பள்ளிக்கூடக் காதலின் ஏக்கமாகவே பார்த்தார்கள், அழுதார்கள். சரிதான், அழவேண்டிய படம்தான். ஆனால் கதையாடலின் அமைப்பைப் பாருங்கள். ஒரே வகுப்பில் படித்த இருவரில் சண்முகம் டாக்டராகிறான், தனலட்சுமி நகரத்தின் நடைபாதைக்கு வந்து சேர்கிறாள். நினைவு யாருடையது? மேலே ஏறியவனுடையது. அவனுக்குத்தான் திரும்பிப் பார்க்க ஒரு வீடும் ஓய்வும் இருக்கின்றன. கீழே போனவளின் நினைவு பிரதிக்குள் வருவதே இல்லை. அவள் பார்க்கப்படுபவள், ஏறக்குறைய இழந்த ஊரின் உருவகம். பெண்ணை நிலமாகவும் நிலத்தைப் பெண்ணாகவும் ஆக்குகிற நம் பழைய பழக்கம் இங்கேயும் விட்டபாடில்லை.

‘ஒன்பது ரூபாய் நோட்டு’ இதைவிடச் சிக்கலானது. தலைப்பே செல்லாத நோட்டு, அச்சிலேயே வராத நோட்டு. நிலத்தோடு வாழ்ந்த மாதவப் படையாட்சி (சத்யராஜ்) பிள்ளைகளால் மனம் உடைந்து மனைவியோடு வீட்டை விட்டு வெளியேறுகிறார். கைகொடுப்பவர் நண்பர் ஹாஜி பாய் (நாசர்). ஒரு விவசாயியின் வீழ்ச்சி இப்படிக் குடும்பத்துக்குள்ளேயே நடந்து முடிகிறது. குற்றவாளி மகன்கள்.

இங்கேதான் என் கேள்வி. இந்த வட்டாரத்தில் நிலம் போனதற்குக் காரணம் மகன்கள் மட்டும்தானா? 1957இல் தொடங்கிய சுரங்க வேலைக்காக ஊர் ஊராகக் கையகப்படுத்தினார்கள். நிலத்தோடு நிற்கவில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளும். அதனால் இரவு பகலாக நீரை இறைத்தபடியே இருக்க வேண்டும். சுற்றுக் கிராமத்து ஆள் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: ‘தண்ணி கீழ போயிடுச்சிங்க.’ கீழே போகும் தண்ணீருக்கு முகம் கிடையாது. குடும்ப நாடகத்துக்கோ முகமுள்ள வில்லன் வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தை மையமாக வைத்துத் தங்கர் ஒரு படமும் எடுக்கவில்லை என்பதை அவருடைய தனிப்பட்ட குறையாக நான் பார்க்கவில்லை. அவர் தேர்ந்துகொண்ட வடிவத்தின் எல்லை அது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொல்லையைக் கொடுத்த வீட்டிலேயே ஒருவருக்கு என்.எல்.சி. வேலையும் கிடைத்திருக்கலாம். ‘கொல்ல போச்சி, வேல வந்துச்சி’ என்கிற கணக்கு இது. சம்பளம் கொடுக்கிற கையை எப்படி வில்லனாக்குவது? கோபம் உள்ளே திரும்புகிறது, மகன் மீதும் மருமகள் மீதும் விழுகிறது. அப்படிப் பார்த்தால் மாதவப் படையாட்சியின் கதை இந்த உள்முரணைத் தன்னையறியாமல் பதிவுசெய்கிறது. படத்தின் பலமும் அதுவே.

விடுபடுவது இன்னொருவரின் கதை. மாதவப் படையாட்சிக்கு இழக்க நிலம் இருந்தது. அடுத்தவர் கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்கிய கூலிப்பெண்ணுக்கு, அதிலும் சேரியிலிருந்து வந்தவளுக்கு, பட்டாவும் இல்லை, கதாநாயகத்துவமும் இல்லை. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கணக்கில் கூலியாள் வரவே இல்லை. வாழ்வாதாரம் இழந்தவரையும் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. சட்டம் தாமதமாகக் கண்டவளை நம் சினிமா இன்னும் சரியாகக் காணவில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று வாய்க்கால் வேலைக்காக விளைந்து நின்ற நெல்வயலுக்குள் எந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. எடுத்தது செல்போன்களும் செய்திக் கேமராக்களும். அதை எதிர்த்துப் போராடிய பா.ம.க.வின் வேட்பாளராக 2024 மக்களவைத் தேர்தலில் கடலூர் தொகுதியில் தங்கர் பச்சான் நின்றார், வெற்றி பெறவில்லை. படத்தில் மகனிடம் கேட்ட நியாயத்தை இனி யாரிடம் கேட்பது என்பதற்கு அரசியல் ஒரு பதில் வைத்திருக்கிறது. கலை தன் பதிலைத் தேடியாக வேண்டும். தேடும்போது பலாமரத்தின் அழகிலிருந்து கேமராவைக் கொஞ்சம் இறக்கி, வறண்ட கிணற்றின் அடியையும் அங்கே குடத்தோடு நிற்பவளையும் பார்க்கட்டும். அந்த மண்ணின் ஒளி தெரிந்தவர் அவர், அதனால்தான் அவரிடம் கேட்கிறோம்.