காரியாலயங்களுக்கேற்ற செடிகள்

காரியாலய வாயிலிலும் மேசையருகிலும் பசுஞ்செடிகள் நிற்பது கண்ணுக்கு இனிது. காகிதங்களிடையே நாள் கழிப்பார்க்குச் சிறிது ஆறுதலுமாம். ஆயினும், விழா நாளன்று வரிசையாக வைக்கப்பெற்ற தொட்டிகளிற் பல, ஆண்டு முடியுமுன் வெறுந் தொட்டிகளாய் மூலையில் அடுக்கப்படுதலை எங்கும் காண்கின்றோம். இதற்குக் காரணம் யாது? நீரின்மை என்பர் பலர். ஆராய்ந்து நோக்கின், நீர் மிகுந்து வேரழுகி இறப்பனவும் பலவாம்.

பாகூரில் வாழ்வார்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரியே. அதனைச் சூழ்ந்த நெல்வயல்களால் இப்பகுதி நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்றது. நீரில் நிற்கும் நெல்லை நாடோறும் காண்பவர், எல்லாச் செடிக்கும் மிகுநீரே நலமென எண்ணுதல் இயல்பு. ஆனால் நெல்லின் தண்டிலும் வேரிலும் நுண்ணிய காற்றறைகள் உள; அவற்றின் வழியே மேற்காற்று வேருக்கு இறங்குகின்றது. தொட்டிச் செடிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்வமைப்பு இல்லை. மண்ணின் இடைவெளிகளை நீர் நிரப்பிவிடின் வேர் மூச்சின்றி அழுகும். காரியாலயத்திலோ காவலாளர் காலையில் ஊற்றுவர். எழுத்தர் மாலையில் ஊற்றுவர். விடுமுறையில் ஒருவரும் ஊற்றார். ஆகவே, நீர் குறையினும் தாங்கும் செடியைத் தேர்ந்து, அதற்கு நீர் விடும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்புவித்தல் வேண்டும்.

செடியைத் தேருமுன் ஒளியை அளந்தறிக. நண்பகலில் வெள்ளைத் தாளின்மேல் ஒரு முழ உயரத்திற் கையை நீட்டுக. நிழலின் விளிம்பு தெளிவாயின் அவ்விடம் நல்லொளி உடையது. மங்கித் தோன்றின் குறையொளி. நிழலே விழாதாயின் அங்குச் செடி வையாமையே நன்று.

குறையொளி அறைக்குப் பாம்புச்செடி மிகவும் ஏற்றது. இது நம் நாட்டு மருளுக்கு உறவினது. மருளின் நாரால் முன்னோர் வில்லுக்கு நாண் திரித்தனர். பாம்புச்செடி தன் தடித்த இலையில் நீரைச் சேமித்து, இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவிலேயே திறக்கின்றது. பகல் வெப்பத்தில் நீர் வீணாவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவினின்று வந்த இசட்-இசட் செடியோ மண்ணுக்குள் கிழங்கில் நீரை வைத்துக்கொள்ளும். பசிபிக் கடலின் மூரியாத் தீவுக்குரிய மணிபிளாண்ட் கொடியும் எளிதில் வளரும். எனினும் அதன் இலையை மென்றால் வாயெரியும், ஆதலின் குழந்தைகட்கு எட்டாத இடத்தில் வைக்க.

வெயில் விழும் தாழ்வாரத்துக்குச் சோற்றுக்கற்றாழையும், நித்தியகல்யாணியும், காகிதப்பூவும் உகந்தவை. மடகாஸ்கர் தீவினின்று வந்த நித்தியகல்யாணி சுவர் வெடிப்பிலும் தழைக்கும். கசப்பு மிகுதியால் ஆடுமாடுகள் மேய்வதில்லை. காகிதப்பூவின் மேனாட்டுப் பெயர், 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பிரெஞ்சு மாலுமி பூகன்வில்லின் பெயரால் அமைந்தது.

அடியில் துளையுள்ள தொட்டியில் செம்மண், மணல், மக்கிய எரு ஆகிய மூன்றையும் சமமாகக் கலந்து இடுக. விரலை இரண்டங்குலம் மண்ணுட் செலுத்தி, ஈரமில்லையாயின் மட்டுமே நீர் விடுக. கோடையில் வாரம் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் அதனினும் அரிதாகவும் விடுதல் பாம்புச்செடிக்குப் போதும்.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. தொட்டியின் கீழ்த்தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கத் தொடங்கும். ஆகவே வாரந்தோறும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுக. பலர் வந்து காத்திருக்கும் பொது நிலையத்தில் இதனை மறத்தல் தகாது.

செடிகள் அறைக்காற்றைத் தூய்மை செய்யுமென்று 1989-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வைக் காட்டி உரைப்பாருளர். அது மூடிய சிறு பெட்டிகளிற் செய்யப்பெற்ற சோதனை. காற்றோட்டமுள்ள அறையில் அப்பயன் மிகச் சிறிதே என 2019-இல் வெளியான மறுஆய்வு விளக்கிற்று. தூய காற்றுக்குச் சன்னலைத் திறப்போம்; செடியை அதன் பசுமைக்காகவே வளர்ப்போம். பத்துத் தொட்டிகள் வாங்கி எட்டினை இழப்பதினும், இடமறிந்து இரண்டு வாங்கி இரண்டையும் காத்தல் பொதுப்பணத்துக்கும் சிக்கனம், உயிர்க்கும் நன்றி.